நகர்ந்தவர் இல்லாத படங்கள்

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவிலின் தெற்கு ரதவீதியில் நிற்க இடமிராது. தவக்கோலம் பூண்ட கோமதியம்மன் தபசு மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, சங்கரநாராயணர் காட்சி தரும் மாலைப்பொழுதுக்காகப் பெருங்கூட்டம் காத்திருக்கும். சுற்றுவட்டார உழவர்கள் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் தானியத்தையும் அம்மன் சப்பரத்தை நோக்கி வீசி வேண்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வீசிய பருத்தி காற்றில் மிதக்கும் கணத்தை இன்று கைப்பேசி வைத்திருக்கும் பள்ளிச் சிறுவனும் எடுத்துவிடுவான். அதே வீதியில் 1858ஆம் ஆண்டின் நிழற்படக் கருவி ஒன்று நிறுத்தப்பட்டிருந்தால் எஞ்சக்கூடியது எது? மண்டபத்தின் கற்றூண்கள் எஞ்சும். கோபுரம் எஞ்சும். சப்பரம் சில நிமிடங்கள் அசையாது நின்றிருந்தால் அதுவும் எஞ்சும். பருத்தி இராது, வீசிய கை இராது, கைக்குரியவனும் இரான்.

இஃது ஊகமாகத் தோன்றலாம். அவ்வாண்டில் மதுரையில் எடுக்கப்பட்ட படங்கள் இதற்குச் சான்றாக இன்றும் உள்ளன. அவற்றை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர். 1822இல் பிறந்து, 1839இல் சென்னைக் காலாட்படையில் சேர்ந்தவர். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு சென்று இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். அதன் பின்னரே சென்னை மாகாண அரசு அவரைத் தன் நிழற்படக்காரராக அமர்த்தியது. 1857 இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என அவர் சுற்றிவந்தார். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் பயின்ற ஐயாசாமி என்னும் தமிழர் அவருக்குத் துணையாக இருந்தார். டிரைப்பின் படங்கள் 1858இல் ஊர்வாரியாகத் தொகுதிகளாயின. அத்தொகுதிகள் தெற்கே மதுரையோடு நின்றுவிட்டமையால் திருநெல்வேலிச் சீமைக்கு அவற்றில் இடமில்லை.

திருமலை நாயக்கர் அரண்மனை, புதுமண்டபம், தெப்பக்குளம், கோயில் கோபுரங்கள் ஆகியவை அப்படங்களில் வியக்கத்தக்க தெளிவோடு நிற்கின்றன. ஒவ்வொரு சுதையும் ஒவ்வொரு செங்கல்லும் எண்ணத்தக்கவை. ஆனால் பெரும்பாலான படங்களில் ஆளரவம் இல்லை. தெப்பக்குளத்து நீரில் அலை இல்லை. மெருகிட்ட தகடுபோல் அது கிடக்கிறது. மதுரையின் நடுவே பகற்பொழுதில் மனிதரற்ற வீதி என்பது மதுரையை ஒருமுறை கண்டவர் எவரும் நம்பத்தக்கதன்று.

காரணம் எளிய கணக்கு. டிரைப் பெரிதும் கையாண்டது மெழுகேற்றிய தாளை. அதில் உருப்பதியச் சில நிமிடங்கள் ஒளி விழவேண்டும். ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடப்பதாகக் கொண்டால், தம் உடலின் அகலமாகிய அரை மீட்டரைக் கடக்க அவருக்கு அரை நொடி போதும். கருவி 5 நிமிடம் திறந்திருந்தால் அது 300 நொடி. ஆகவே தாளின் ஓர் இடத்தில் அவர் உருவம் விழுவது 600இல் ஒரு பங்கு நேரமே. மிஞ்சிய 599 பங்கு நேரமும் அவ்விடத்தில் விழுவது அவருக்குப் பின்னாலுள்ள சுவர். அவர் கருவியின் முன்னால் நடந்து சென்றது உண்மை. சுவர் அவரை அழித்துவிட்டதும் உண்மை.

விரைவான முறை அக்காலத்தில் இல்லாமலில்லை. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொல்லோடியன் முறையில் நல்ல வெயிலில் சில நொடிகளே போதுமானவை. ஆனால் கண்ணாடித் தகட்டில் அக்கலவையை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவியும் முடித்தாக வேண்டும். கலவையில் சேரும் ஈதரோ ஏறக்குறைய 35 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். பங்குனி சித்திரையில் பாண்டி நாட்டில் இருட்டுக் கூடாரத்துக்குள் அமர்ந்து அதைக் கையாள்வது எத்தகைய வேலை என்பதை இவ்வூரின் வெயிலறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. டிரைப் கண்ணாடியையும் பயன்படுத்தினார் என்றாலும், முன்கூட்டியே ஆயத்தம் செய்து பல நாள் வைத்திருக்கத்தக்க தாளே அவருக்குப் பெருந்துணையாயிற்று.

அவர் கருவிக்கு உகந்த பொருள் தஞ்சையில் கிடைத்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் பொறித்துள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அவர் ஆக்கினார். இராசராசனின் கல்வெட்டுகள் ஹுல்ச் பதிப்பில் அச்சேறத் தொடங்கியது 1891இல். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இச்சுருள் உருவாகிவிட்டது. எண்ணூற்றைம்பது ஆண்டுகளாக அசையாதிருந்த எழுத்துகளுக்கு இன்னும் ஐந்து நிமிடம் அசையாதிருப்பதில் இடர் ஏதுமில்லை. தமிழ் ஆய்வுலகம் டிரைப்புக்குக் கடமைப்பட்டிருப்பது இச்சுருளுக்காகவே எனலாம்.

ஆயினும் ஆளற்ற மதுரைப் படங்கள் வேறொரு தீங்கையும் செய்தன. அவற்றை இலண்டனில் கையிலெடுத்துப் பார்த்தவர் கண்டது கைவிடப்பட்ட நகரங்களை. காலத்தால் உறைந்துபோன ஒரு நாட்டை. இடிபாட்டில் சுவை கண்ட நூற்றாண்டு அது. அந்நாட்டில் மக்கள் இல்லை, நிகழ்காலம் இல்லை, பழம்பெருமை மட்டுமே உண்டு என்ற எண்ணத்துக்கு இப்படங்கள் உரமிட்டன. பின்னாளில் நம்மவரும் அப்படங்களை நூல்களில் மறுபதிப்புச் செய்து, அக்காலக் கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தமைக்குச் சான்று என எழுதியதுண்டு. கருவியின் குறையை ஊரின் குறையாகப் படித்த பிழை இது. வெறுமை முழுவதும் கருவியால் விளைந்தது எனவும் சொல்வதற்கில்லை. கட்டடத்தின் அளவும் அமைப்பும் தெரியவேண்டும் என்பதே அரசு இட்ட பணி. டிரைப் ஆளில்லா வேளையைத் தேர்ந்ததும் இருக்கலாம். ஆனால் வானத்தை நோக்குக. நீலத்தைப் பிரித்தறியாத அத்தாளில் வானம் வெறுமையாகவே விழும் என்பதால், மறுதலைப் படத்தின் மேல் தூரிகைகொண்டு அவரே மேகங்களைத் தீட்டியிருக்கிறார். நகரும் மேகம் ஓவியமாக வந்து சேர்ந்தது. நகர்ந்த மனிதரைத் தீட்ட அவர் முயலவில்லை.

உலகின் முதற்படங்களிலும் இதே நிலைதான். 1838இல் பாரிசு நகரத்துப் பெருவீதி ஒன்றைத் தாகேர் எடுத்த படத்தில் வண்டிகளும் கூட்டமும் மறைந்துபோயின. மூலையில் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு அசையாது நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். நிழற்படத்தில் காணக் கிடைக்கும் முதல் மனிதர் அவரே என்பர். அவர் காலடியில் அமர்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்த தொழிலாளி வெறும் கறைபோல் தெரிகிறார். வேலை செய்வித்துக்கொண்டவர் பதிய, வேலை செய்தவர் கலங்கிய இக்காட்சி தற்செயலே. ஆனால் பின்வந்த ஐம்பதாண்டு வரலாற்றுக்கு அது முன்னுரைபோல் அமைந்துவிட்டது.

தொல்காப்பியர் உவமையின் வகைகளைச் சொல்லும்போது வினை, பயன், மெய், உரு என நான்கைக் கூறி, வினையை முதலில் வைக்கிறார். மெய் என்பதற்கு வடிவு என்றும் உரு என்பதற்கு நிறம் என்றும் உரையாசிரியர் பொருள் கொள்வர். இந்நான்கனுள் டிரைப்பின் கருவிக்கு வாய்த்தது மெய் ஒன்றே. நிறம் அதற்குத் தெரியாது. வினை அறவே தெரியாது. புதுமண்டபத்தின் முகப்புத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன. வினையைக் கல்லில் நிறுத்தக் கற்றவன் நாயக்கர் காலத்துச் சிற்பி. அத்தூண்களின் நடுவே கடந்துசென்ற உயிருள்ள மனிதரைப் பிடிக்கக் கருவிக்கு இயலவில்லை. பாய்ந்தவை கற்குதிரைகள் ஆதலால் படத்தில் எஞ்சின.

‘பிடித்தல்’ என்ற சொல்லும் எண்ணத்தக்கது. நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம் எனப் பெயர்ச்சொல்லில் தமிழர் ஒன்றுபடவில்லை. வினைச்சொல்லிலோ பெரும்பாலும் ஒன்றுபட்டனர். படம் ‘எடுப்பர்’ அல்லது ‘பிடிப்பர்’. மீனையும் பறவையையும் கள்வனையும் பிடிப்பதுபோல. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று சிற்றூர்களில் நெடுங்காலம் வழங்கிய அச்சத்தை அறியாமை என்று எளிதில் தள்ளிவிடுகிறோம். சென்னை மாகாணத்தில் அக்கருவி யார் கையில் இருந்தது, யாரைப் பிடித்தது என்பதை நோக்கினால் அவ்வச்சத்துக்கு வேறு பொருளும் கிடைக்கும்.

வில்லோபி வாலஸ் ஹூப்பர் சென்னைக் குதிரைப்படையின் அதிகாரி; 1837இல் பிறந்தவர். ‘இந்திய மக்கள்’ என்னும் பெயரில் 1868 முதல் 1875 வரை வெளிவந்த பெருந்தொகுப்புக்குப் படங்கள் தந்தவர்களுள் ஒருவர். படைப்பணிக்கு நடுவே நிழற்படத்தில் தீராத வேட்கை கொண்டவர். வெஸ்டர்ன் என்னும் கூட்டாளியோடு சேர்ந்து 1870களின் தொடக்கத்தில் புலிவேட்டைப் படவரிசை ஒன்றை அவர் எடுத்தார். புதரிலிருந்து புலி பாய்கிறது, வேட்டைக்காரர் குறிவைக்கிறார். பார்த்தவர் மெய்சிலிர்த்தனர். ஆனால் ஈரத்தகட்டில் பாயும் புலியைப் பிடிக்க எவராலும் முடியாது. அது செத்த புலி. பாய்வதுபோல் நிறுத்தப்பட்ட உடல். வேட்டைக்காரரும் நாடக மேடையில் நிற்பவர்போல் அசையாது நின்றவரே. விரைவு கைவராத காலத்தில் விரைவை நடித்துக் காட்டிய அப்படங்களை ஏமாற்று என்று தள்ளிவிடுவதைவிட, எதைப் பிடிக்க ஹூப்பர் ஏங்கினார் என்பதற்கான சான்றாகக் கொள்வது தகும்.

பிறகு தாது வருடம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. தென்மாவட்டங்களில் பாட்டிமார் வாய்மொழியில் ‘தாது வருசப் பஞ்சம்’ என்ற பெயர் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின்னும் நிலைத்திருந்தது. சென்னை மாகாணத்து நிவாரண முகாம்களில் பட்டினியால் எலும்புந்தோலுமான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் குழுவாக அமர்த்தி ஹூப்பர் படமெடுத்தார். விலா எலும்புகள் தெரியுமாறு வரிசைப்படுத்தப்பட்ட உடல்கள் அவை. இங்கிலாந்து மக்களின் இரக்கத்தைத் தூண்ட இத்தகைய படங்கள் பயன்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் கொடிய தெளிவுக்கு ஒரு காரணம் உண்டு. ஈரத்தகட்டுக்கு அசையாத பொருள் தேவை. அசையவும் வலுவற்றவர்கள் அதற்கு வாய்த்தனர். படநிலையங்களில் செல்வரின் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தலையை அசையாமல் நிறுத்துவார்கள். முகாமில் அக்கவைக்குத் தேவையிராது.

அதே 1878ஆம் ஆண்டின் சூன் மாதத்தில் கலிபோர்னியாவில், இருப்புப்பாதைச் செல்வரும் முன்னாள் ஆளுநருமான லேலண்ட் ஸ்டான்போர்டின் குதிரைப் பண்ணையில், எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கருவிகளை வரிசையாக வைத்தார். ஓடும் குதிரை குறுக்கே கட்டிய நூலைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கருவியும் திறந்து மூடியது. குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தைவிட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்பது உறுதியாயிற்று. கால்களை முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் அது நிகழும் என்று ஓவியர் காலங்காலமாகத் தீட்டிவந்தனர். உண்மையில் கால்கள் வயிற்றின்கீழ் குவிந்த நிலையிலேயே அது நிகழ்கிறது. விரைவின் வரலாற்றை எழுதுவோர் எல்லாரும் இக்குதிரையிலிருந்தே தொடங்குவர். அது தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து நோக்குவோர்க்கு ஓராண்டுக்குள் எடுக்கப்பட்ட இருவகைப் படங்கள் அருகருகே தெரிகின்றன: செல்வர் ஒருவரின் குதிரை காற்றில் மிதக்கும் படம், எழுந்து நிற்க மாட்டாத மனிதரைத் தரையில் அடுக்கிய படம்.

பஞ்சத்தில் மக்கள் அசையாமல் இருந்தவர்களும் அல்லர். நடந்தார்கள். ஊர்விட்டு ஊர் நடந்தார்கள். கரையோரம் நடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள். தாது வருடத்தின் மெய்யான வினை நடைதான். அந்நடைக்குப் படம் இல்லை. அதைத் தேடுவோர் பாட்டிடமே செல்லவேண்டியிருக்கிறது. சிவகங்கை வில்லியப்பப் பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ 1899இல் அச்சேறியது. பஞ்சத்தைத் தாங்க மாட்டாத மதுரைச் சொக்கநாதரே சிவகங்கைச் சமீனுக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்த எள்ளல் நூல் அது. கடவுளையே கைவிரிக்க வைத்த அந்நூலில் மக்கள் பேசுகிறார்கள், புலம்புகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், ஏமாறுகிறார்கள். ஹூப்பரின் படத்தில் அவர்களுக்கு எலும்பு மட்டும் உண்டு. பஞ்சத்தை அறிய இரண்டும் வேண்டும் என்றாலும், ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பாட்டையே கொள்ளலாம்.

1878இல் சார்லஸ் பென்னட் கண்டறிந்த செய்முறையால் செலட்டின் பூசிய உலர்தகடு மிகுந்த ஒளியுணர்வு பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அது கடைப்பொருளாயிற்று. கூடாரம் வேண்டா, ஈதர் வேண்டா. நொடியின் சிறு பகுதியே போதும். ஹூப்பர் ஏங்கிய விரைவு இப்போது அவர் கைக்கு எட்டியது.

1885 நவம்பரில் ஆங்கிலப் படை மாந்தலேயைக் கைப்பற்றித் தீபா மன்னரைச் சிறைகொண்டது. அப்படையில் சென்னை மாகாணத்துப் படைப்பிரிவுகளும் இருந்தன. ஹூப்பர் அப்போது கர்னல் நிலையில், தண்டனைகளை நிறைவேற்றும் பொறுப்பு அதிகாரியாக இருந்தார். 1886 சனவரி முதல் நாள் மேல்பர்மா ஆங்கில ஆட்சியோடு இணைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் கொள்ளையர் எனப் பெயரிடப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மாதத்தில் இலண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு அதன் செய்தியாளர் அனுப்பிய செய்தி ஆங்கில நாட்டை உலுக்கியது. குண்டு பாயும் அதே கணத்தில் கொல்லப்படுவோரைப் படம்பிடிக்க இவ்வதிகாரி விரும்பினார். துப்பாக்கிகளைக் குறிவைக்குமாறு ஆணை பிறந்த பின்னர், அவர் தம் கருவியைச் செப்பம் செய்துமுடிக்கும்வரை, எதிரே நின்றவர்கள் சில நேரம் நிமிடக் கணக்கில் அந்நிலையிலேயே காத்து நிற்க வைக்கப்பட்டனர். அவர் தகட்டைத் திறக்கும் கணத்தோடு பொருந்துமாறே சுடும் ஆணை பிறந்தது. அதுவரை நிறைவளிக்கும் படம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் அச்செய்தி கூறியது.

இங்கே நிகழ்ந்த தலைகீழ் மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. முப்பதாண்டுக் காலம் கருவி மனிதருக்காகக் காத்திருந்தது. அவர்கள் அசைந்தால் தோற்றது. மாந்தலேயில் மனிதர் கருவிக்காகக் காத்திருந்தனர், சாவும் காத்திருந்தது. நிகழ்ச்சியின் கணத்தைக் கருவி பிடித்தது என்பதைவிட, கருவியின் கணத்துக்கு நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டது என்பதே பொருந்தும். செத்த புலியைப் பாயவைத்ததும் இதுவும் ஒரே மனத்தின் இரு செயல்கள்.

நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அரசப் பிரதிநிதி டப்ரின் காலத்து இந்திய அரசு விசாரணை நடத்தியது. பொதுக் கண்டனமும் தற்காலிக ஊதியக் குறைப்புமே ஹூப்பருக்குக் கிடைத்த தண்டனை. கொன்றதற்காக அவர் விசாரிக்கப்படவில்லை. படமெடுத்தது அழகன்று என்பதே குற்றமாயிற்று. படம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் மாந்தலேச் சுவரருகே நின்றவர்களைப் பற்றி இலண்டனில் ஒரு சொல்லும் எழுந்திராது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கருவி செய்த கொடுமையும் அதுவே; அறியாமற் செய்த உதவியும் அதுவே.

அதே 1886இல் ஆதிரியக் கடற்கரையின் பியூமே நகரில் பீட்டர் சால்சர், எர்ன்ஸ்ட் மாக் வகுத்த முறைப்படி, பறந்துசெல்லும் துப்பாக்கிக் குண்டையே படம்பிடித்தார். மின்பொறியின் ஒளியில் எடுத்த அப்படத்தில், குண்டின் மூக்குக்கு முன்னால் காற்று கூம்புவடிவில் பிளவுபடுவது தெரிந்தது. அறிவியல் நூல்கள் அவ்விருவரையும் போற்றுகின்றன. அவர்கள் குண்டைப் பார்த்தனர். ஹூப்பர் குண்டு சென்று சேர்ந்த இடத்தைப் பார்க்க முயன்றார்.

அவர் 1887இல் பர்மாவைப் பற்றி 100 படங்கள் கொண்ட தொகுதி ஒன்றை வெளியிட்டார். பின்னர் ஓய்வுபெற்று இங்கிலாந்தில் 1912 வரை வாழ்ந்தார். டிரைப்பின் பதவியோ அதற்கு வெகுமுன்பே, சிக்கனம் கருதிய ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில், வீண் ஆடம்பரம் என்று நீக்கப்பட்டிருந்தது. மதுரைப் படங்களின் படிகள் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அவற்றுட் சிலவற்றின் தரைப்பகுதியை உருப்பெருக்கியால் நோக்கினால், தூண்களின் அடியில் புகைபோன்ற மங்கல் சிற்சில புலப்படலாம். அவை தாளின் கறைகள் அல்ல. சற்றே நின்று, பின் நடந்து சென்றவர்கள்.